முதல் நாள் காலையில் எந்தச் சட்டம்? புதிய நாட்டின் முன்னால் இருக்கும் வழிகள்

புதுச்சேரியில் நவம்பர் 1 விடுதலை நாள்; 1954இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து நிர்வாகம் கைமாறிய நாள். ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ பரிமாற்ற நாள்; காகிதத்திலும் கைமாறியது 1962இல். இரண்டுக்கும் அரசு விடுமுறை உண்டு. ஆகஸ்ட் 15-ஐயும் சேர்த்தால் ஒரே ஊருக்கு மூன்று நாள்கள். முள்ளோடையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் போனால் ஒன்றுதான். லீவு கூடுதல் என்று பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அந்தத் தேதிகளின் இடைவெளியில் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. ஆட்சி கைமாறிய மறுநாள் காலை நீதிமன்றக் கதவைத் திறந்தால், எந்தச் சட்டப்படி தீர்ப்புச் சொல்வது?

புதிய நாட்டுக்கு ஆவணம் எழுத உட்காருகிறவர்கள் முதலில் முகப்புரையில்தான் கை வைப்பார்கள். கல்லூரிகளில் மாதிரி அரசியல் நிர்ணய சபை நடத்தினாலும் இதே கதைதான். இரண்டு நாள் நிகழ்ச்சியில் ஒன்றரை நாள் "மக்களாகிய நாம்" என்பதிலேயே கரைந்துவிடும். முகப்புரை காத்திருக்கும். சம்பளப் பட்டுவாடா, பாதியில் நிற்கும் வழக்கு, துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கான சுங்க வரி, சிறையில் இருப்பவரின் காவல் நீட்டிப்பு ஆகியவை ஒரு நாள்கூடக் காத்திருக்காது.

நடைமுறையில் ஐந்து காகிதங்கள் வேண்டும். விடுதலையைச் சொல்லும் பிரகடனம் அல்லது பழைய ஆட்சியாளர் இயற்றும் சட்டம், இருக்கும் சட்டங்கள் தொடரும் என்ற ஆணை, யார் குடிமக்கள் என்ற விதி, அரசமைப்புச் சட்டம், ஐ.நா. உறுப்பினராக விண்ணப்பம். கடைசியில் சொன்னதை எழுதுவது எளிது: பொதுச் செயலாளருக்கு ஒரு கடிதம், ஐ.நா. சாசனக் கடமைகளை ஏற்பதாக ஓர் உறுதிமொழி, அவ்வளவுதான். ஆனால் பாதுகாப்பு அவையின் 15 ஓட்டில் 9 வேண்டும், நிரந்தர உறுப்பினர் எவரும் வீட்டோ போடக் கூடாது, பிறகு பொதுச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு. தெற்கு சூடான் 2011 ஜூலை 9 அன்று விடுதலை பெற்று ஜூலை 14 அன்றே உள்ளே போய்விட்டது. 1948இல் விடுதலை பெற்ற இலங்கை, சோவியத் வீட்டோவால் 1955 டிசம்பர் வரை வாசலில் நின்றது. வரைவு எழுதுகிறவர் கையில் இல்லாத விஷயம் இது, விட்டுவிடலாம்.

மற்ற நான்கையும் எந்த வரிசையில், யார் எழுதுவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

போகிறவர் எழுதித் தருவது

வேலை குறைவு. இலங்கையின் சோல்பரி அரசமைப்பு பிரிட்டிஷ் மன்னரின் ஆணையாக வந்தது. அதன்மேல் 1947ஆம் ஆண்டின் இலங்கை விடுதலைச் சட்டம் ஏறியது. 1948 பிப்ரவரி 4 அன்று எல்லாம் தயார். கானாவும் 1957இல் இப்படித்தான் தொடங்கியது.

இதன் ஓட்டை எங்கே என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. சோல்பரியின் 29ஆம் பிரிவு எந்தச் சமூகத்தையும் மதத்தையும் மட்டும் குறிவைத்துப் பாதகமான சட்டம் இயற்றக் கூடாது என்று அழகாகச் சொன்னது. ஆனால் யார் குடிமக்கள் என்பதை அந்த ஆணை எழுதாமல் விட்டது. அந்த வெற்றிடத்தை 1948இல் இலங்கை நாடாளுமன்றம் தன் குடியுரிமைச் சட்டத்தால் நிரப்பியது. மலையகத் தமிழர் பல லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். அன்று இலங்கைக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய்த் தோற்றது. பாதுகாப்புப் பிரிவு இருந்தும் பயனில்லை. யார் குடிமக்கள் என்று வரையறுப்பது நாடாளுமன்றத்தின் இயல்பான வேலை என்று அந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவர்கள் குடிமக்கள் பட்டியலுக்கே வரவில்லை.

இன்னொரு குறை, வேர் வெளியூரில் இருப்பது. அதை அறுக்க இலங்கை பின்னால் பட்ட பாடு பெரிது. 1970இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வேண்டுமென்றே நாடாளுமன்றக் கட்டடத்தை விட்டுவிட்டு நவரங்கஹல என்ற அரங்கில் அரசியல் நிர்ணய சபையாகக் கூடினார்கள். பிரிட்டன் தந்த அதிகாரத்தால் அல்ல, மக்கள் தந்த அதிகாரத்தால் எழுதுகிறோம் என்று காட்டவே அந்த இடமாற்றம். 1972 மே 22இல் குடியரசு அரசமைப்பு வந்தது. 29ஆம் பிரிவு அதில் இல்லை.

சொந்தமாக, அவசரமாக எழுதுவது

இந்தோனேசியா 1945 ஆகஸ்ட் 17 அன்று விடுதலையை அறிவித்து மறுநாளே அரசமைப்பை ஏற்றுக்கொண்டது. பிரகடனம் இரண்டே வாக்கியம். ஆட்சி மாற்றம் "முதலியவை" கவனமாகவும் மிகக் குறுகிய காலத்திலும் நடத்தப்படும் என்பது இரண்டாவது வாக்கியம். ஒரு நாட்டின் பிறப்புச் சான்றிதழில் "முதலியவை" இருப்பது வேடிக்கைதான், ஆனால் அந்தச் சொல் டச்சுக்காரரோடு நடந்த நான்கு ஆண்டுப் போரையே உள்ளே அடக்கிக்கொண்டது.

ஒரே நாளில் எழுதினார்கள் என்று பலரும் சொல்வது சரியல்ல. ஜப்பானியர் ஆட்சியின் கடைசி மாதங்களில், மே முதல் ஜூலை வரை, ஓர் ஆய்வுக் குழு கூடி வரைவைத் தயாராக வைத்திருந்தது. ஆகஸ்ட் 18 அன்று நடந்தது கடைசி நேர வெட்டு. முகப்புரையில் முஸ்லிம்கள் ஷரியாவைப் பின்பற்றும் கடமை பற்றி இருந்த ஏழு சொற்கள், கிழக்குத் தீவுகளின் கிறித்தவர்கள் பிரிந்துபோகக்கூடும் என்ற கவலையில் நீக்கப்பட்டன. மொத்தம் 37 பிரிவுகள். அவற்றைவிட உயிர் காத்தது இடைக்கால விதிகளில் ஒன்று: புதியவை வரும்வரை இருக்கும் நிறுவனங்களும் விதிமுறைகளும் தொடரும். டச்சுக்காலச் சட்டங்கள் அதன் தோளில்தான் நின்றன.

தற்காலிகமானது என்று சொல்லித்தான் இதைத் தொடங்கினார்கள். 1949இல் கூட்டாட்சி அரசமைப்பு, 1950இல் இன்னொரு தற்காலிக அரசமைப்பு, 1955இல் தேர்ந்தெடுத்த சபை. அந்தச் சபையால் முடிவுக்கு வர முடியவில்லை. 1959 ஜூலை 5 அன்று சுகர்ணோ அதைக் கலைத்து 1945ஆம் ஆண்டுப் பிரதியையே திரும்பக் கொண்டுவந்தார். சுருக்கமான பிரதி என்றால் அதிபருக்கு வசதி. எழுதாமல் விட்ட இடமெல்லாம் அவர் கைக்குப் போகும். அடிப்படைத் திருத்தங்கள் 1999 முதல் 2002 வரைதான் வந்தன. போர் மூண்டுவிட்டது, வேறு வழியில்லை என்றால் மட்டும் இந்த வழி. அப்போதும் "இத்தனை மாதத்தில் புதிய சபை, தவறினால் இன்னது நடக்கும்" என்று எழுதிவைக்க வேண்டும்.

பழைய சட்டத்தில் ஓட்டிக்கொண்டே புதியதை எழுதுவது

இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே நாளில், ஒரே சட்டத்தால், ஒரே கருவியோடு புறப்பட்டன. இரண்டுக்கும் 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் திருத்தங்களோடு இடைக்கால அரசமைப்பு. இரண்டுக்கும் அரசியல் நிர்ணய சபையே சட்டமன்றமும். இந்தியா 1950 ஜனவரி 26இல் முடித்தது. பாகிஸ்தானுக்கு 1956 மார்ச் 23 ஆனது. இந்த வழியை எடைபோட இதைவிட நல்ல தராசு கிடையாது.

இந்தியா செய்த வேலையின் வரிசையைப் பாருங்கள். 1946 டிசம்பர் 9 முதல் கூட்டம். டிசம்பர் 13இல் நேரு குறிக்கோள் தீர்மானத்தை முன்வைத்தார். ஜனவரி 22இல் அது நிறைவேறியது. பிறகு உடனே சட்டப்பிரிவு எழுத உட்காரவில்லை. ஒன்றிய அதிகாரங்கள், மாகாண அரசமைப்பு, அடிப்படை உரிமைகளும் சிறுபான்மையினரும் என்று குழுக்கள் கொள்கை முடிவுகளை மட்டும் எடுத்தன. அவற்றை வைத்து ஆலோசகர் பி.என். ராவ் 243 பிரிவு, 13 அட்டவணை கொண்ட முதல் பிரதியை 1947 அக்டோபரில் தந்தார். அம்பேத்கர் தலைமையில் ஏழு பேர் கொண்ட வரைவுக் குழு அதை 315 பிரிவு, 8 அட்டவணையாக்கி 1948 பிப்ரவரியில் அச்சிட்டுக் கருத்துக்கு விட்டது. எட்டு மாதத்துக்குப் பிறகே, நவம்பர் 4 அன்று, சபைக்கு வந்தது. பிரிவு பிரிவாக விவாதம் 1949 அக்டோபர் 17 வரை ஓடியது. வந்த திருத்த அறிவிப்புகள் 7,635. சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. முடிவில் 395 பிரிவு. மொத்தச் செலவு சுமார் 64 லட்சம் ரூபாய்.

இதில் பின்பற்றத் தக்கது ஒன்று. கொள்கையைத் தீர்மானித்தவர்களும் வாசகத்தை எழுதியவர்களும் வேறு வேறு. நூற்றுக்கணக்கானவர் ஒரே மேசையில் கமா போட முடியாது. ஏழு பேர் குழுவே தேய்ந்தது: ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், பாரம் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று டி.டி. கிருஷ்ணமாச்சாரி சபையிலேயே சொன்னார். ஏழு பேரை நியமித்தால் மூன்று பேர்தான் வேலை செய்வார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

பாகிஸ்தான் எங்கே சறுக்கியது? மக்கள்தொகையில் பெரிய கிழக்குக்கும் அதிகாரத்தில் பெரிய மேற்குக்கும் இடங்களை எப்படிப் பங்கிடுவது என்ற வழக்கு ஒரு காரணம். ஆனால் வண்டியைக் கவிழ்த்தது ஒரு கையெழுத்து. சபை அரசமைப்பு சார்ந்து இயற்றும் சட்டத்துக்குக் கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் வேண்டுமா? வேண்டாம் என்றே சபை நடந்துவந்தது. 1954 அக்டோபரில் கவர்னர் ஜெனரல் குலாம் முகம்மது சபையைக் கலைத்தார். சபைத் தலைவர் வழக்குப் போட்டார், சிந்து நீதிமன்றத்தில் வென்றார். 1955இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒப்புதல் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. விளைவு, கலைத்தது நின்றது. அதோடு ஒப்புதல் இல்லாமல் ஏழு ஆண்டாக இயற்றிய சட்டங்களும் காற்றில் தொங்கின.

இந்தியா அதே இடத்தைத் தாண்டிய விதம் கவனிக்க வேண்டியது. அரசமைப்பை ஒப்புதலுக்கு எங்கும் அனுப்பவில்லை. சபை ஏற்றது, தலைவர் ராஜேந்திர பிரசாத் கையெழுத்திட்டார், முடிந்தது. 395ஆம் பிரிவு தனக்கு அதிகாரம் தந்த விடுதலைச் சட்டத்தையே ரத்து செய்தது. ஏறிவந்த ஏணியை எடுத்து எறிந்த மாதிரி. 372ஆம் பிரிவு பழைய சட்டங்களைத் தொடரவிட்டது. 394ஆம் பிரிவு குடியுரிமை, தேர்தல் ஆணையம் போன்ற சிலவற்றை மட்டும் 1949 நவம்பர் 26 அன்றே உயிர்ப்பித்து, மற்றதை ஜனவரி 26க்குத் தள்ளியது. தேர்தல் நடத்துகிறவர் முன்னால் வந்தால்தானே மற்றது நடக்கும்!

தொடக்கத் தேதியை வரைவுக்குள்ளேயே பூட்டுவது சின்ன விஷயமாகத் தெரியும். எரித்திரியா 1993இல் விடுதலை பெற்று, 1997 மே 23இல் அரசமைப்பை ஏற்றது. அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

முதலில் எழுதி, பிறகு கொடி ஏற்றுவது

நமீபியா இந்த வழியில் வந்தது. 1982லேயே மேற்கு நாடுகள் ஐந்தின் குழு பேசி முடித்த அடிப்படைக் கோட்பாடுகள் இருந்தன. 1989 நவம்பரில் 72 பேர் கொண்ட சபைக்குத் தேர்தல் நடந்தது. விடுதலைக்குப் போராடிய ஸ்வாப்போ கட்சிக்கு 41 இடம். நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 48 வேண்டும். அந்த ஏழு இடப் பற்றாக்குறைதான் நமீபியாவின் அதிர்ஷ்டம். வென்றவர் தோற்றவரோடு உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். 1990 பிப்ரவரி 9இல் அரசமைப்பு நிறைவேறியது, மார்ச் 21இல் விடுதலை. முதல் கூட்டத்திலிருந்து அரசமைப்பு நிறைவேற ஆனது 80 நாள்.

கிழக்குத் திமோர் கதை வேறு மாதிரி. ஐ.நா. நிர்வாகத்தின் கீழ் 2001 ஆகஸ்ட் 30இல் 88 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கெடு 90 நாள். போதவில்லை, நீட்டித்தார்கள்; 2002 மார்ச் 22இல் நிறைவேற்றி, மே 20இல் விடுதலை. 13 மாவட்டங்களிலும் மக்கள் கருத்தைக் கேட்டு அறிக்கைகள் வந்தன. ஆனால் ஃப்ரெட்டிலின் என்ற ஒரே கட்சியின் கையில் 55 இடம், நிறைவேற்ற வேண்டியது 60. ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டால் போதும். அதனால் அந்த அறிக்கைகள் வரைவில் பெரிதாகத் தடம் பதிக்கவில்லை என்ற குறை நின்றுவிட்டது. பலருக்குத் தெரியாத போர்த்துக்கீசியம் ஆட்சிமொழிகளில் ஒன்றானதும், எழுதிய சபையே தேர்தல் இல்லாமல் முதல் நாடாளுமன்றமாக மாறியதும் சேர்ந்துகொண்டன. மறுதேர்தல் இல்லை என்று தெரிந்த சபை தனக்குச் சாதகமாகவே எழுதும். அதற்குத் தனியாகக் கெட்ட எண்ணம் தேவையில்லை.

துண்டு துண்டாக எழுதலாமா என்று கேட்பவர்கள் இஸ்ரேலைப் பார்க்கலாம். 1948 மே 14 பிரகடனம் அக்டோபர் 1க்குள் அரசமைப்பு என்றது. 1950 ஜூனில் முழு அரசமைப்பை ஒத்திவைத்து, ஒவ்வோர் அத்தியாயமாக அடிப்படைச் சட்டம் இயற்றலாம் என்று தீர்மானம் போட்டார்கள். அத்தியாயங்கள் இன்னும் ஒரே நூலாகவில்லை. தெரிந்தே இந்த வழியைத் தேர்ந்தெடுக்க நாங்கள் யாருக்கும் சொல்லமாட்டோம்.

ஒப்பந்தத்தால் சேர்வது: புதுச்சேரி

புதுச்சேரி தனி நாடாகவில்லை. ஆனால் ஆட்சி கைமாறியும் காகிதம் கைமாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. மக்கள் சம்மதம் இல்லாமல் நிலத்தை விட்டுக்கொடுக்க அன்றைய பிரெஞ்சு அரசமைப்பு இடம் தரவில்லை. வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் 1949இல் நேரடி வாக்கெடுப்பு நடந்தது. இங்கே வில்லியனூர்ப் பக்கம் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். 170 இணைப்புக்கு, 8 எதிராக. அக்டோபர் 21இல் உடன்பாடு, நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. இணைப்பு ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்றது, அல்ஜீரியப் போர் முடிந்த 1962இல்.

நடுவில் இந்த ஊர் எந்த நாடு? இந்திய அரசு புதுச்சேரியை வெளிநாட்டு அதிகார வரம்புச் சட்டம், 1947 என்ற சட்டத்தின் கீழ் ஆண்டது. பெயரிலேயே வெளிநாடு. ஒரு பஸ் பர்மிட் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனபோது, புதுச்சேரி இந்திய நிலப்பரப்பில் அடங்குமா என்று நீதிமன்றம் அரசையே கேட்டது. அடங்காது என்று பதில் வந்தது. நீதிமன்றமும் அதை ஏற்றது. அது 1961. விடுதலை நாள் கொண்டாடத் தொடங்கி ஏழு ஆண்டு ஆகியிருந்தது. பஸ் ஓடுவதற்கு யார் பர்மிட் கொடுப்பது, மறுத்தால் எந்த வாசலில் போய் முறையிடுவது என்ற அளவுக்கு இறங்கிவந்து தொல்லை தருவதுதான் இந்த வகைக் காகித இடைவெளி. 1962இல்தான் 14ஆவது திருத்தம் புதுச்சேரியை அரசமைப்பின் அட்டவணையில் சேர்த்தது. அதே ஆண்டு நிர்வாகச் சட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் வரம்பை இங்கே நீட்டியது.

எதை, எப்போது எடுப்பது

பழைய ஆட்சியாளர் தேதி குறித்துவிட்டு ஒழுங்காகப் போகிறார், நீதிமன்றமும் அலுவலர்களும் இருக்கிறார்கள் என்றால், இடைக்காலச் சட்டத்தோடு தனிச் சபை என்ற வழியே சிறந்தது. இரண்டு பூட்டுகள் போட வேண்டும். சபையின் சட்டத்துக்கு யார் ஒப்புதலும் வேண்டாம் என்று முதல் நாளே எழுதுவது. கெடு தவறினால் சபை தானே கலைந்து புதிய தேர்தல் என்று எழுதுவது. வெளியார் கண்காணிப்பும் பணமும் இருந்து, எந்தக் கட்சிக்கும் மூன்றில் இரண்டு பங்கு வராது என்று தோன்றினால் நமீபியா வழி. ஒரே கட்சி அள்ளிக்கொண்டு போகும் என்றால் அந்த வழியில் அவசரப்படக் கூடாது. எந்த வழியானாலும் எல்லையை வரைபடத்தால் மட்டும் சொல்லாமல் ஊர்ப் பட்டியலாக அட்டவணையில் எழுத வேண்டும். கடலூர், விழுப்புரம் நிலத்துக்குள் துண்டு துண்டாகக் கிடக்கும் பாகூர், மண்ணாடிப்பட்டுப் பக்கத்து ஊர்களைப் பார்த்தவருக்கு ஏன் என்று கேட்கத் தோன்றாது.

குடியுரிமை விதியில் நெருக்கமாகப் பார்க்க வேண்டியது, பேசாமல் இருப்பவர் எந்தப் பக்கம் விழுகிறார் என்பதை. புதுச்சேரி ஒப்பந்தம் இதை நுணுக்கமாகச் செய்தது. இந்த மண்ணில் பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமகன் ஒன்றும் சொல்லாவிட்டால் இந்தியன். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும். இங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவன் ஒன்றும் சொல்லாவிட்டால் பிரெஞ்சுக்காரன். ஒரே வீட்டில் அண்ணன் வெளிநாட்டில், தம்பி ஊரில், இருவரும் வாய் திறக்கவில்லை என்றால் இரண்டு நாடு. 1962 ஆகஸ்ட் 16இல் திறந்த அந்த ஜன்னல் 1963 பிப்ரவரியில் மூடியது. உங்கள் வரைவில் இப்படி ஒரு விதி இருந்தால், படிவத்தை யார் வாங்குவார், எழுதத் தெரியாதவர் சார்பில் யார் எழுதலாம், பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கு யார் கையெழுத்து, ரசீது உண்டா என்பதையும் அதே பிரிவில் எழுதுங்கள். பிறகு விதிமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஆறு மாதம் அந்த விதிமுறை வருவதற்குள்ளேயே தீர்ந்துவிடும்.